ஒத்திக் காலம்

முகவரி இல்லாத கருவி
தன் இடத்தில் நான்கு சுழி போட்டுக்கொள்கிறது.
பிறகு யாரென்று பாராமல் எல்லாரையும் கூப்பிடுகிறது:
இங்கே கொடுப்பவர்கள் யாராவது உண்டா?

அந்தக் கூப்பாட்டுக்குப் பதில் சொல்லும் நிரலை
ஐந்து பேர் எழுதுகிறோம், சம்பளமில்லாமல்.
ஒருவர் பெர்கனில், ஒருவர் கொல்லத்தில்,
இரண்டு பேர் எங்கே என்று இதுவரை கேட்டதில்லை.
நான் வெட்டூர்ணிமடத்தில்,
ஒத்திக்கு எடுத்த மாடி வீட்டில்,
மீன் கழுவிய கை காய்ந்த பிறகு.

இடவப்பாதி தொடங்கியதிலிருந்து வேலை ஆமை நடை.
பழைய பிழைகள் ஒன்பதை மூடினோம்,
பதினான்கு முளைத்தன.
புது வகை நீள முகவரிகளுக்கான கிளை
இன்னும் சேராமல்
மழைக்காலத்து ரப்பர் ஷீட் போல
பிசுபிசுத்துத் தொங்குகிறது.

அப்போதுதான் தேங்காய்ப்பட்டணத்து ஏலக்கூடத்திலிருந்து ததேயு:
"மக்கா, ரெண்டு போனுக்கு ஒரே நம்பரு கெடக்கு.
ஒண்ணு பேசினா மத்தது சாவுது."

நாலரைக்கு நாற்பது வள்ளம் கரையணையும்.
நூற்றுச் சொச்சம் கைபேசிகள்
ஒரே மூச்சில் முகவரி கேட்கும்.
அதுவல்ல சிக்கல்.
நடுவில் கரண்ட் போய் வந்தது.

எங்கள் நிரல் முதலில்
'உனக்குத்தான்' என்று வாக்குக் கொடுத்தது.
எழுதிவைப்பதைப் பின்னுக்குத் தள்ளியது.
இரண்டுக்கும் இடையே பத்து மில்லி நொடி;
மின்வாரியம் அதற்குள் புகுந்துவிட்டது.
எழுந்து வந்தபோது நோட்டு வெள்ளை.
கொடுத்ததையே இன்னொருவருக்கு
அதே கனிவோடு கொடுத்தது.

கணவாய் விலை கேட்ட செய்தி எங்கேயோ நின்றது.
ஏலம் கிலோவுக்கு முப்பது ரூபாய் கீழே முடிந்தது.
யாரும் சர்வரைத் திட்டவில்லை.
ததேயுவைத்தான் திட்டினார்கள்.

பதினோரு இரவு உட்கார்ந்து வரிசையை மாற்றினேன்.
எழுது.
எழுதியது வட்டில் படிந்ததா, பார்.
படிந்த பிறகு வாயைத் திற.
வேகம் பாதியாகும் என்றார் பெர்கன்காரர்.
அங்கேயும் நாள் முழுக்க மழைதானாம்,
கரண்ட் போகாத மழை.

அடுப்படி பிளக்கில் பழைய பெட்டியை மாட்டி
கையாலேயே பிடுங்கினேன், மாட்டினேன், பிடுங்கினேன்,
நூற்றெழுபது தடவை.
ஒருமுறைகூட மறக்கவில்லை.

அந்த ஞாயிறு பூசை முடிந்து
வீட்டுக்காரி பிரிஜிட் மேரி மாடியேறி வந்தாள்.
குவைத்திலிருந்து கொழுந்தன் வருகிறானாம்.
மாடி அவனுக்கென்று போன வருஷமே சொல்லிவிட்டாளாம்.

எனக்கும்தான் சொன்னாள், இன்னும் இரண்டு வருஷமென்று.
எழுதவில்லை. நானும் கேட்கவில்லை.
நாலு லட்சத்தை எண்ணிக் கொடுத்த அன்று
முந்திரிக்கொத்தும் கட்டன்சாயாவும் வைத்தாள்.
பத்திரம் பிறகு பார்க்கலாம் என்று
இருவருமே சிரித்தோம்.

அவள் பொய்க்காரி இல்லை.
இடையில் ஏதோ போய் வந்திருக்கிறது.
ஒரே கதவெண், பிடித்தபடி இரண்டு பேர்.

தவணையில் பாதி கழிந்ததும்
புதுப்பித்துக் கேட்க வேண்டும் என்று
கருவிகளுக்கு விதி உண்டு.
கொடுத்தவர் பதில் சொல்லாவிட்டால்
எட்டில் ஏழு பங்கு கழிந்த பின்
யாரிடமும் கேட்கலாம்.
கணக்குப் போட்டுப் பார்த்தேன்:
அதையும் தாண்டி எனக்கு இருபது நாள்.

நேற்றிரவு மாற்றம் சேர்ந்தது.
இருநூற்றுப் பதின்மூன்று சோதனைகளில் ஒன்று மட்டும் சிவப்பு:
கடிகாரம் பின்னோக்கிப் போனால் என்ன செய்வாய்
என்று கேட்கும் சோதனை.
ஐந்து பேரிடமும் பதில் இல்லை.
'அடுத்த பதிப்பில்' என்று குறித்துவைத்தேன்.

காலையில் ததேயுவின் குரல், பின்னால் காக்காக் கூட்டம்:
"எல்லாத்துக்கும் தனித்தனி நம்பரு, மக்கா.
சாளை நல்ல வெலைக்குப் போச்சு.
ஒனக்கு ரெண்டு கிலோ மாத்தி வச்சிருக்கேன்,
பையன்ட்ட குடுத்து விடுதேன்.
அட்ரஸ் அனுப்பு."